வளவுக்குள் ஊருணி: அடுக்கி ஒட்டுவதா, எழுதிக் கேட்பதா?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் வளவுக்குள், அதாவது நடு முற்றத்தில், ஊருணித் தண்ணீர் நிறைந்திருக்க, அதன் நடுவே அய்யனார் கோயிலின் மண் புரவி முழங்கால் வரை மூழ்கி நிற்பதாக ஒரு படம் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதை இரண்டு வழிகளில் செய்து பார்த்தேன். நானே எடுத்த புகைப்படங்களைக் கிரிதா என்ற ஓவிய மென்பொருளில் லேயர் லேயராக அடுக்கி ஒட்டுவது ஒன்று; வேண்டியதைச் சொற்களில் எழுதிக் கொடுத்து ஏஐயிடம் படம் கேட்பது மற்றொன்று. இப்போது முதல் வழியிலேயே நிலைத்துவிட்டேன்.

வேகத்தில் ஏஐக்கு நிகரில்லை. எனக்குப் பதினொரு மாலைகள் பிடித்த வேலைக்கு அது ஒரு நிமிடத்தில் நான்கு மாதிரிகள் தந்தது. செலவைப் பெரிதாகப் பேச வேண்டியதில்லை, கிரிதா இலவசம்.

என் முடிவைத் தீர்மானித்தது திருத்தம்தான். வளவை நான் காலையிலும் புரவியை மாலையிலும், இரண்டையும் வடக்கு நோக்கி நின்றே எடுத்திருந்தேன். அதனால் தூண்களின் மீது வலப்பக்க வெயிலும் புரவியின் மீது இடப்பக்க வெயிலும் விழுந்திருந்தன. திரையில் கண்ணுக்குப் படாத இந்தப் பிழை, காரைக்குடியில் 16×20 அங்குலத்தில் அச்சிட்டுப் பார்த்தபோதுதான் உறுத்தியது. பெல்ஜிய சர்ரியலிச ஓவியர் ரெனே மாக்ரித்தின் ஓவியங்களில் நடக்க முடியாதது ஒன்று நடந்தாலும், சுற்றியுள்ள கல்லும் துணியும் மரமும் அச்சு அசலாக இருப்பதால்தான் நாம் அதை நம்பிவிடுகிறோம். என் படத்திலோ நம்பவைக்க வேண்டிய வெளிச்சமே பொய் சொல்லியது. புரவி, அதன் நிழல், தண்ணீரில் அதன் பிம்பம் மூன்றும் தனித்தனி லேயர்களில் இருந்ததால், மூன்றையும் இடவலமாகத் திருப்பி, நிழலின் அடர்த்தியைச் சற்றே குறைத்ததும் அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. வேறு எதுவும் இம்மியும் நகரவில்லை.

அதே திருத்தத்தை ஏஐயிடம் கேட்டபோது, நிழலோடு தூண்களின் எண்ணிக்கையும் மாறியது. ஓரிடத்தை மட்டும் மாஸ்க் செய்து, அதாவது தனியே குறித்துக் காட்டி, மீண்டும் வரையச் சொல்லலாம்; வானத்திலும் வெறும் சுவரிலும் அது நன்றாகவே பொருந்துகிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில்தான் ஒட்டு தெரிந்துவிடுகிறது. கண்ணாடித் தகட்டின் மீது அச்சை வைத்து, கையால் வண்ணச் சாந்தை ஊற்றிச் செய்யும் கல் அது. பூ ஒன்றேயானாலும் ஒவ்வொரு கல்லிலும் வண்ணத்தின் விளிம்பு சிறிதே மாறும். புகைப்படத்தில் அப்படியே பதிந்திருந்த அந்த நுணுக்கம், ஏஐ திருத்திய இடத்தில் குழைந்து, பக்கத்துக் கல்லின் கோட்டோடு சேராமல் நின்றது. அச்சளவிலும் சிக்கல் உண்டு: 1024 பிக்சல் அகலமுள்ள படம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஏறத்தாழ மூன்றரை அங்குலமே வரும், பெரிதாக்கும் மென்பொருளோ இல்லாத நுணுக்கத்தைத் தானே இட்டு நிரப்புகிறது.

ஏஐயை நான் நான்கு மாதங்களே பயன்படுத்தினேன் என்பதையும், அது வேகமாக மாறிவருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்கும் மென்பொருளான பிளெண்டரில் ஒரு விளக்கையும் ஒரு சுவரையும் தாண்டி நான் போனதில்லை; வெளிச்சத்தை அதுவே கணக்கிடுவதால், பொறுமையாகக் கற்பவருக்கு இவ்விரண்டையும்விட அது பொருந்தக்கூடும். கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்புமுன் எதை எங்கே வைக்கலாம் என்று பார்க்க இன்றும் ஏஐயிடம் கேட்கிறேன்.

சென்ற வாரம் அந்தப் பழைய கோப்பையே திறந்து, வளவுக்கு மேல் நிலவை வைத்து இரவாக மாற்றினேன். புரவியின் நிழலுக்கு மட்டும் மறுபடி ஒரு முழு மாலை பிடித்தது.