20 மில்லியா, 40 மில்லியா: செயின்ஸாவோடு ஆறு வருடம்

மரம் அறுக்கிற 50 சிசி செயின்ஸா ஒன்றை ஆறு வருடமாக ஓட்டுகிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று டேங்க் காலியாகும். பெட்ரோலில் 25:1, 40:1, 50:1 (இத்தனை பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில்) என்று மூன்று கணக்கிலும் ஆயில் கலந்து ஓட்டிப் பார்த்தாயிற்று. இப்போது 50:1-ல் நிற்கிறேன். இங்கே வந்து நிற்பதற்குள் ஒரு பிஸ்டன் போய்விட்டது.

கையேட்டில் முதலிலேயே 50:1 என்றுதான் போட்டிருந்தது. லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், அதாவது நாலு டீஸ்பூன். மனசு ஒப்பவில்லை. நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் போகிற இஞ்சின், உள்ளே தனியாக ஆயில் தேங்கும் இடமே கிடையாது. பெட்ரோலோடு வருகிற ஆயில்தான் கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன் எல்லாவற்றையும் நனைக்க வேண்டும். அதற்கு நாலு டீஸ்பூன் போதுமா? தெரிந்தவர்கள் வேறு, “கூட ஊற்றினால் ஒன்றும் ஆகாது, குறைந்தால்தான் ஆபத்து” என்றார்கள். லிட்டருக்கு 40 மில்லி, அதாவது 25:1 ஊற்ற ஆரம்பித்தேன்.

ஒன்றும் ஆகாமல் இல்லை. புகை கண்ணை எரித்தது. பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக, ஈரமாக இருந்தது. மூன்று மாதத்தில் வேகம் குறைந்தது. செயின் மழுங்கிவிட்டது என்று நினைத்து அரம் போட்டுக்கொண்டே இருந்தேன், பாவம் அந்தச் செயின். கடைசியில் சைலன்சரைத் திறந்தால் தீப்பொறி தடுக்கும் சல்லடை முழுக்கத் தார் பூசியதுபோல் கரி அடைத்திருந்தது.

இன்னொரு விஷயம் அப்போது தெரியாது. கார்புரேட்டரின் துளை வழியே போகிற அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும். ஆயிலைக் கூட்டி இஞ்சினைக் காப்பாற்றுவதாக நினைப்போம், எரிகிற கலவையோ காற்று கூடி, பெட்ரோல் குறைந்து லீன் பக்கம் நகரும். 50:1-ல் இருந்து 25:1 போனால் பெட்ரோலின் பங்கு சுமார் 2 சதவீதம் குறைகிறது. பெரிய அளவில்லைதான். ஆனால் கார்புரேட்டர் டியூனிங் ஏற்கெனவே லீன் விளிம்பில் இருந்தால் சூடு ஏறும். கணக்கை மாற்றினால் டியூனிங்கையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

சரி, 25:1 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? பழைய மினரல் ஆயில் காலத்தில் இருந்து. அந்தக் காலச் செயின்ஸாக்களில் 16:1 என்றுகூட எழுதியிருக்கும். ஹஸ்க்வர்னா என்ற செயின்ஸா கம்பெனியின் கையேடுகளில் அவர்களுடைய ஆயிலுக்கு 50:1 என்றும், ஜேஸோ (ஆயிலுக்கான ஜப்பானியத் தர அளவுகோல்) எஃப்பி தர ஆயில் என்றால் 33:1 என்றும் பிரித்துச் சொல்லியிருப்பார்கள். ஆக, கணக்கு மெஷினை மட்டும் பொறுத்ததில்லை, ஊற்றுகிற ஆயிலையும் பொறுத்தது. டப்பாவில் அதைவிட மேலான எஃப்சி அல்லது எஃப்டி இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்சி-யில் புகை குறைவு, எஃப்டி-யில் உள்ளே படிகிற அழுக்கும் குறைவு. நான் எஃப்டிதான் ஊற்றுகிறேன். டிசி-டபிள்யூ3 என்று போட்டிருந்தால் அது தண்ணீரால் குளிரும் படகு இஞ்சினுக்கானது. காற்றால் குளிரும் செயின்ஸாவின் சூட்டுக்குச் சரிவராது.

பிஸ்டன் போனது 50:1-க்கு மாறிய பிறகுதான். ஆனால் பழி 50:1 மேல் இல்லை, என் மேல். ஒரே மாதிரி இரண்டு கேன் வைத்திருந்தேன், ஒன்றில் கலவை, இன்னொன்றில் வெறும் பெட்ரோல். அவசரத்தில் மாற்றி ஊற்றிவிட்டேன். பாதி டேங்க்கூடப் போகவில்லை. சத்தம் திடீரென்று கீச்சென்று ஏறி, அப்படியே நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. சைலன்சரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனில் மேலிருந்து கீழே நகத்தால் கீறியதுபோல் கோடு கோடாக இருந்தது. சிலிண்டரையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று. ஆயிலில் சாயம் கலந்திருப்பது அழகுக்கில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. இப்போது கலவைக் கேன் சிவப்பு. சந்தேகம் வந்தால் கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி நிறம் பார்த்துவிடுவேன்.

புது சிலிண்டர் போட்டதும் பயத்தில் ஒரு வருடம் 40:1 ஓட்டினேன், லிட்டருக்கு 25 மில்லி. கொஞ்சம் புகை கூட, அவ்வளவுதான். அறுக்கிற வேகத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

முன்னே எல்லாம் பாட்டில் மூடியால் அளப்பேன். ஒரு நாள் அந்த மூடியையே அளந்து பார்த்தால், 10 மில்லி என்று நான் நம்பியிருந்தது 7 மில்லி! இப்போது ஊசி கழற்றிய 20 மில்லி சிரிஞ்ச். பாதி பெட்ரோல், ஆயில், நன்றாகக் குலுக்கல், அப்புறம் மீதி பெட்ரோல், மறுபடி குலுக்கல். டேங்கில் ஊற்றும் முன்பும் கேனை ஒரு முறை ஆட்டிவிடுவேன்.

ஒரு மாதத்துக்கு மேல் தாங்குகிற அளவு கலப்பதில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும், டேங்கில் ஃபில்டர் கிடப்பதும் அடியில்தான். ஒரு முறை நாலு மாதம் அப்படியே விட்டதில் கார்புரேட்டருக்குள் இருக்கிற மெல்லிய சவ்வு, டயாபிரம், விறைத்துப்போய், அதை மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் ஆனது. எத்தனால் இல்லாத ஆல்கைலேட் எரிபொருள் ஆயில் கலந்தே டப்பாவில் வருகிறது, வருடக்கணக்கில் கெடாது. விலை கூட என்பதால் தினசரிக்கு வாங்குவதில்லை. ஓரம் கட்டி வைப்பதற்கு முந்தைய கடைசி டேங்க் மட்டும் அதில் ஓட்டி, மீதியைக் கொட்டிவிட்டு, தானாக அணையும்வரை ஐடிலில் விடுகிறேன். போன முறை ஐந்து மாதம் சும்மா கிடந்தது, நாலாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.