இடது கிராங்க் பவர் மீட்டர்: இரண்டரை வருடமும் நான்கு இட்லியும்

பெங்களூரு ஹெப்பாளிலிருந்து நந்தி மலைக்குச் சனிக்கிழமை விடியலில் மிதிக்கும் தமிழ் ஆட்கள் நாங்கள் ஆறு பேர். டிரையத்லானுக்காகத்தான் இந்தக் கூத்து. அரை அயர்ன்மேனில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், அப்புறம் 21.1 கி.மீ. ஓட்டம். காலில் வலு போதவில்லை என்று நினைத்துத்தான் பவர் மீட்டர் வாங்கினேன்: பெடலைத் தாங்கும் தண்டில் (கிராங்க்) இருந்துகொண்டு, எத்தனை வாட்டுக்கு மிதிக்கிறோம் என்று காட்டும் கருவி. குழுவில் இருக்கும் சேலத்து அண்ணன் அப்போதே சொன்னார்: "தம்பி, நம்பரையே பாத்துட்டு குழியில விட்றாத."

மீட்டர் காட்டியது வேறு விஷயம். 150 வாட்டில் ஒரு மணி நேரம் மிதித்தால் 540 கிலோஜூல் வேலை. நன்றாகப் பழகியவர்களுக்கும் உடம்பு எரிப்பதில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்கு வரும், மீதி வெப்பமாகப் போய்விடும். ஒரு கிலோகலோரிக்குச் சுமார் 4.18 கிலோஜூல். நாலில் ஒரு பங்குதான் வேலையாவதும், இந்த நாலு மடங்கும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், திரையில் எத்தனை கிலோஜூலோ, கிட்டத்தட்ட அத்தனை கிலோகலோரி உடம்பில் செலவு. நந்திக்குப் போய்வர நான்கு மணி நேரம் என்றால் இரண்டாயிரத்துக்கு மேல். நான் சாப்பிட்டுக் கிளம்பியதோ நான்கு இட்லி, மிஞ்சினால் 250. "நாலு போதுமாடா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் சிரித்திருக்கிறேன்.

அத்தனையையும் சாப்பிட்டு ஈடுகட்ட வேண்டியதில்லை, கொழுப்பும் எரியும். ஆனால் மாவுச்சத்து இருப்பு சீக்கிரம் காலியாகும். இப்போது மணிக்கு 60 கிராம் கணக்கு: வாழைப்பழம், கடலைமிட்டாய், பாட்டிலில் சர்க்கரை, உப்பு, எலுமிச்சை. திரும்பும்போது தேவனஹள்ளி அருகே கண்ணை இருட்டிக்கொண்டு வருவது நின்றது. மலையடிவாரத்தில் எழுந்து நின்று 300 வாட்டுக்கு மிதிப்பதையும் விட்டேன். 200-லேயே ஏறினாலும் மேலே போய்ச் சேரும் நேரம் பெரிதாக மாறவில்லை.

முன்பு 150 வாட்டுக்கு நாடித்துடிப்பு 148, இப்போது 134. இதை வைத்து உடம்பின் ஆற்றல் சிக்கனம் கூடிவிட்டது என்று பீற்றிக்கொள்ள முடியாது. இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளினாலும் எண் இறங்கும். சிக்கனத்தை அளக்க ஆய்வகத்தில் முகமூடி மாட்டி ஆக்ஸிஜனைக் கணக்கெடுக்க வேண்டும். இந்தப் பெட்டிக்குத் தெரிவது வெளியே வரும் வேலை மட்டும்.

குறை என்றால், இடது காலை அளந்து இரண்டால் பெருக்குவதுதான். எனக்கு இடது முழங்காலில் பழைய அடி. நண்பர் வீட்டில் சைக்கிளை மாட்டி நின்ற இடத்தில் மிதிக்கும் டிரெய்னர் கருவியோடு ஒப்பிட்டபோது 12 வாட் குறைவாகக் காட்டியது. காலுக்குக் கால் வித்தியாசம் உள்ளவர்கள் இரண்டு பக்கமும் அளப்பதை வாங்கலாம், விலைதான் கடிக்கும். கிளம்பும் முன் கிராங்க்கைத் தொங்கவிட்டுப் பூஜ்யம் சரிசெய்யாவிட்டால், விடியல் குளிருக்கும் பத்து மணி வெயிலுக்கும் எண் நழுவும். ஜூலை மழையில் பேட்டரி மூடிக்குள் ஒருமுறை ஈரம் போய்ப் பச்சை பிடித்தது. இப்போது ரப்பர் வளையத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுகிறேன்.

நீச்சலுக்கு இந்த வசதி கிடையாது. 25 மீட்டருக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணுகிறேன்: 26 இருந்தது, 21 ஆகியிருக்கிறது.