ஏழு வருடம் ஜோட்டெரோவோடு: பெயர்ப் பெட்டிதான் பிரச்சினை

போன வாரம் ஆய்வு மாணவி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, ஆய்வேடு கொடுக்க இன்னும் நாலு மாசம் இருக்கு. ஜோட்டெரோ போடட்டுமா, இல்ல துணைநூற்பட்டியலைக் கையாலயே அடிச்சிடட்டுமா?" மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் தானே அமைத்துத் தரும் அந்த மென்பொருளிலேயே ஏழு வருடமாக வேலை செய்பவள் நான். சட்டென்று "போடு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக வரலாற்றுக்காரர்கள் இலவசமாக வெளியிட்டது, இன்றும் இலவசம்தான். கட்டுரையின் டிஓஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும், 10 என்று தொடங்கும் அந்த அடையாள எண்ணை, ஒட்டினால் ஆசிரியர், ஆண்டு, தொகுதி, இதழ், பக்கம் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துவிடும். ஒருமுறை 180 உள்ளீடுகள் கொண்ட பட்டியலை ஏபிஏ என்ற மேற்கோள் முறையிலிருந்து சிகாகோ முறைக்கு மாற்றச் சொன்னார்கள். டீ ஆறுவதற்குள் மாறிவிட்டது. கையால் செய்திருந்தால் ஒரு வாரம் போயிருக்கும்.

அப்புறம், பெயர்.

உள்ளே இரண்டு பெட்டிகள்: குடும்பப் பெயர், முதல் பெயர். நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தமிழறிஞர் எஸ். வையாபுரிப் பிள்ளையின் ஆங்கில நூலைச் சேர்க்கும்போது, எங்கிருந்தோ வரும் தரவு 'பிள்ளை'யைக் குடும்பப் பெயர்ப் பெட்டியில் போட்டுவிடும். ஏபிஏ முறையில் பட்டியலில் அவர் 'பிள்ளை, எஸ். வி.' ஆகிவிடுகிறார். பக்கத்திலேயே பூரணலிங்கம் பிள்ளையும் சிவராஜ பிள்ளையும் அதே கதியில். ஒரே குடும்பப் பெயர் என்றால் கட்டுரைக்குள்ளும் முதலெழுத்துகளைச் சேர்க்கச் சொல்கிறது ஏபிஏ. ஆக, வையாபுரி என்ற மனிதர் ஒரு 'வி.'யாகச் சுருங்கிப் போக, சாதிப் பட்டம் மட்டும் முழுசாக நிற்கிறது. பட்டத்தை வெட்டி எறியப் பாடுபட்ட ஊரில் இருந்துகொண்டு இதை அச்சுக்கு அனுப்ப எனக்குக் கை வருவதில்லை.

உ.வே.சா. நிலைமை இன்னும் மோசம். நூலகப் பட்டியலிலிருந்து எடுத்தால் ஒலிபெயர்ப்பு முறைப்படி ஆங்கில எழுத்து 'சி'யில் (C) சாமிநாதையராக வருவார். வேறிடத்திலிருந்து எடுத்தால் 'ஐ'யில் (I) வெறும் ஐயர். ஒரே ஆள், பட்டியலில் இரண்டு இடத்தில்.

நியாயமாகச் சொன்னால் மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. 'வையாபுரிப் பிள்ளை' முழுவதையும் குடும்பப் பெயர்ப் பெட்டியில் அடித்து, மற்றதில் 'எஸ்.' மட்டும் போட்டால் சரியாக வரும். இளங்கோவடிகள் மாதிரி ஒற்றைப் பெயர்களுக்கு, பெயருக்குப் பக்கத்திலுள்ள சின்னப் பொத்தானை அழுத்தினால் இரண்டு பெட்டியும் ஒன்றாகிவிடும். அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் ஒவ்வொரு முறையும் நானேதான் பார்த்துத் திருத்த வேண்டும். ஒன்று தப்பினாலும் அச்சில் நிற்கும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் "போடு" என்பதுதான் பதில். இன்று மனது வரவில்லை. காலையில் புதிதாக வந்த ஓர் ஆய்விதழைப் புரட்டினேன். என் கட்டுரையை ஒருவர் மேற்கோள் காட்டியிருக்கிறார். 'முருகேசன் வாதிடுவதுபோல' என்று. முருகேசன் என் அப்பா. முதல் கட்டுரை அனுப்பியபோது குடும்பப் பெயர் கட்டாயம் என்று படிவம் அடம்பிடித்ததால் அவர் பெயரை நிரப்பினேன். அன்றிலிருந்து நான் எழுதுவதையெல்லாம் அவர்தான் வாதிடுகிறார்.

அதனால் அவளிடம் இப்படிச் சொன்னேன்: நாலு மாதம்தான் இருக்கிறது, கையாலேயே அடி. ஒவ்வொரு பெயரையும் ஒருமுறையாவது நின்று பார்ப்பாய். அடுத்த மாதம் உன் முதல் கட்டுரை போகிறதே, அந்தப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கும் இடத்தில் உன் பெயரைப் போடு. அப்பாவுக்கு, பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து போதும்.