கடலில் விழுந்த ட்ரோன் வேலூரில் நன்றாகத்தான் பறக்கும்

வேலூர் பக்கம் பழைய ட்ரோன் வாங்கி, அதைத் தூக்கிக்கொண்டு மாலத்தீவு, அந்தமான், லட்சத்தீவு என்று கடற்கரைப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்களுக்காக இந்த எச்சரிக்கை. கடையின் பெயரைப் போடவில்லை. ஒரு கடையைத் தவிர்த்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கடலில் விழுந்த ட்ரோனை ஒப்பேற்றி, அதிகம் பறக்காதது என்று விற்கும் இந்த வித்தை, செல்போன் ரிப்பேர் மேசை இருக்கும் எந்த ஊரிலும் நடக்கும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சத்துவாச்சாரிக்காரர் ஒருவர் டிஜேஐ மினி 2 ஒன்றை ரூ. 34,000 கொடுத்து வாங்கினார். "ஆறே ஃப்ளைட்தான் சார், எல்லாம் கல்யாண மண்டபத்துலதான்" என்றார் கடைக்காரர். பாலாற்று மணலில் வைத்து நான்கு நிமிடம் பறக்கவிட்டும் காட்டினார். வாங்கியவர் பத்து நாளில் ஏழெட்டு முறை பறக்கவிட்டார், ஒரு குறையும் இல்லை. மாலத்தீவு போய் இரண்டாம் நாள் காலை, கரையோரம் நாலு மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டிருந்த ட்ரோன் மோட்டார் கோளாறு என்று ஆப்பில் சிவப்பாகக் காட்டிய அடுத்த நொடி குப்புறக் கவிழ்ந்து காய்ந்த மணலில் விழுந்தது. தண்ணீர் ஒரு சொட்டுப் படவில்லை. ஊர் திரும்பிக் கேட்டதற்குக் கடைக்காரர் சொன்ன பதில்: "நீங்கதான் கடல்ல போட்டிருக்கீங்க. உள்ள உப்பு இருக்கு பாருங்க."

உப்பு இருந்தது உண்மைதான். யார் காலத்து உப்பு என்பதுதான் கேள்வி.

மேல் மூடியைக் கழற்றிப் பார்த்ததில் பதில் கிடைத்தது. பின்பக்க இடது மோட்டாரின் மூன்று கம்பிகளும் கையால் மறுபடி பற்றவைக்கப்பட்டிருந்தன. சுற்றிலும் பழுப்பு நிறத்தில், பற்றவைக்கும்போது தடவும் ஃப்ளக்ஸ் காய்ந்து கிடந்தது. கம்பெனியில் வைத்த பசையைச் சுரண்டிவிட்டு வேறு பசை தடவியிருந்தார்கள். அந்தப் புதுப் பசையை உரித்தபோது அடியில் செம்பின் பச்சைக் களிம்பு. களிம்பு அடியிலும் பசை மேலேயும் இருந்தால், உப்பு முதலில் வந்தது, ரிப்பேர் பிறகு வந்தது என்று அர்த்தம். அதாவது ரிப்பேருக்கு முன்பே இந்த ட்ரோன் எங்கேயோ கடலில் குளித்திருக்கிறது. போர்டை ஆல்கஹாலால் துடைத்து, செத்த மோட்டாரை மட்டும் மாற்றி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். ஆல்கஹாலில் பிசுக்கு போகும், ஈரம் போகும். உப்பு அதில் சரியாகக் கரையாது. முதலில் சுத்தமான காய்ச்சி வடித்த நீரால் கழுவி, அதன் பிறகுதான் ஆல்கஹால். இந்த ஒரு படியை விட்டால் சிப்புகளின் கால்களுக்கு அடியில் உப்பு அப்படியே தங்கிவிடும்.

சரி, அப்படியானால் வேலூரில் எப்படிப் பறந்தது? நம் ஊர்க் காற்றுதான் காரணம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானாக நீரை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே அது வெறும் வெள்ளைத் தூள், மின்சாரம் கடத்தாது. வெயில் காலத்தில் வேலூர்ப் பகல் காற்று அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. தீவில் விடியற்காலையும் இரவும் அதைச் சுலபமாகத் தாண்டும். கரைந்த உப்பு, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி சர்க்யூட்டில் சிப்பின் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாலம் போடுகிறது, கசிவு ஏற்படுகிறது, அந்த மோட்டார் ஒரு கணம் தடுமாறுகிறது. நான்கு இறக்கை ட்ரோனில் ஒரு மோட்டார் நின்றால் மற்ற மூன்றாலும் தாங்க முடியாது. ஆக, பாலாற்றில் காட்டும் டெமோ கடற்கரைக்குச் சாட்சி ஆகாது. இதை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத்தான் தெரிவதில்லை.

அந்த "ஆறே ஃப்ளைட்" கணக்குக்கு வருவோம். ஆப்பின் ப்ரொஃபைல் பக்கத்தில் மொத்தம் எத்தனை முறை, எத்தனை மணி நேரம் பறந்தது என்று காட்டும். அது அந்த அக்கவுண்டின் கணக்கு, ட்ரோனின் கணக்கு இல்லை. புது மின்னஞ்சலில் ஒரு அக்கவுண்ட் திறந்து ஆறு முறை பறக்கவிட்டால், 300 முறை பறந்த ட்ரோனும் "ஆறு" என்று காட்டும். கொஞ்சமாவது நம்பக்கூடியது பேட்டரியின் கணக்கு: செட்டிங்கில் சேஃப்டி பகுதிக்குப் போய் பேட்டரி விவரத்தைத் திறந்தால் எத்தனை முறை சார்ஜ் ஆனது, ஒவ்வொரு செல்லின் வோல்டேஜ் என்ன, அதன் சீரியல் நம்பர் எல்லாம் வரும். மினி 2 பேட்டரியில் இரண்டு செல்கள். பறந்துகொண்டிருக்கும்போது இரண்டுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த பேட்டரியைக் கடலுக்கு மேலே நம்பாதீர்கள். கூடவே கொடுக்கும் எல்லா பேட்டரிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒன்று 6 என்றும் மற்றொன்று 140 என்றும் காட்டினால், கதை எங்கே இருக்கிறது என்று புரிந்துவிடும்.

சீரியல் நம்பர் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்: ட்ரோன் உடம்பில் ஸ்டிக்கராக, ஆப்பின் அபவுட் பக்கத்தில் எழுத்தாக. இரண்டும் பொருந்தாவிட்டால் இரண்டு செத்த ட்ரோன்களைச் சேர்த்து ஒன்று செய்திருக்கிறார்கள், அல்லது உள் போர்டு மாறியிருக்கிறது. ஸ்டிக்கரே இல்லையென்றால் பேச்சே வேண்டாம். பழைய உரிமையாளரின் அக்கவுண்டிலிருந்து ட்ரோனை விடுவித்து, உங்கள் அக்கவுண்டில் சேர்த்துக் காட்டிய பிறகுதான் ஜிபே.

"சீல் பிரிக்காத புதுசு" என்று விற்பதிலும் இதே விளையாட்டு உண்டு. பெட்டியிலிருந்து வரும் பேட்டரி உறக்க நிலையில் இருக்கும். ஒரு தரம் சார்ஜரில் போடாமல் பட்டனை அழுத்தினால் விளக்கு எரியாது. முதல் முறை ஆன் செய்யும்போது ஆப் ஆக்டிவேஷன் கேட்கும். விளக்கு உடனே எரிந்து, ஆக்டிவேஷனும் கேட்காமல் பறக்கத் தயாராகிவிட்டால் அது புதுசு இல்லை. வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாக இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில காரியங்களுக்கு மட்டும் விலக்கு. எனவே அதற்குப் பின் வந்த மாடலைக் கடையில் நீட்டி, முத்திரை குத்திய தாளில் "1 வருட வாரண்டி" என்று எழுதிக் கொடுத்தால், அந்த வாரண்டி அந்தக் கடைக்காரரின் வாய்வார்த்தை மட்டுமே. 250 கிராமுக்குள் இருப்பது நானோ வகை. அதை ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. கேமரா முன்னால் கனமான ஃபில்டர் கண்ணாடி, இறக்கையைச் சுற்றி புரொப்பெல்லர் கார்டு என்று மாட்டி அந்த எடையைத் தாண்டினால் அதற்கு அடுத்த மைக்ரோ வகைக்குள் போய்விடுவீர்கள். ட்ரோனின் அரசுப் பதிவு எண்ணான யூஐஎன் இருக்கிறது என்று சொன்னால், அது அந்த ட்ரோனின் சீரியலுக்கு உரியதுதானா, உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறாரா என்று பாருங்கள். வெறும் எண்ணை அச்சடித்து ஒட்டுவது பெரிய வேலை இல்லை.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். டார்ச்சும் நகைக்கடையில் கண்ணில் வைத்துப் பார்க்கிறார்களே, அந்த லென்ஸும் போதும். பேட்டரி அறைக்குள் இருக்கும் பொன்னிறத் தகடுகளில் பச்சையோ கருப்போ இருக்கிறதா? மெமரி கார்டு துளை, சார்ஜ் போர்ட் இவற்றின் விளிம்பு மங்கியிருக்கிறதா? மோட்டாருக்கு அடியில் உள்ள குட்டி ஸ்க்ரூக்களில் துரு இருக்கிறதா? கல்யாண மண்டபத்தில் மட்டும் பறந்த ட்ரோனுக்கு அங்கே துருப் பிடிக்க வேலையில்லை. ஸ்க்ரூவின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள்.

அடுத்து, ஆஃப் செய்த நிலையில் நான்கு மோட்டார்களையும் விரலால் மெல்லச் சுற்றுங்கள். நான்கும் ஒரே மாதிரி விட்டுவிட்டுத் தடுக்க வேண்டும். ஒன்று மட்டும் நறநறவென்றால் பேரிங் போயிருக்கிறது, அல்லது உள்ளே மணல். மணல் மட்டும் இருந்தால் அதைக் கடல் மணல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆற்று மணலிலும் இரும்புத்தூள் கலந்திருக்கும், மோட்டார் காந்தம் அதையும் பிடித்துக்கொள்ளும். ஒரு மோட்டார் மட்டும் மற்ற மூன்றைவிடப் பளபளப்பாக இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். புரொப்பெல்லரில் குறி போட்டவை குறி போட்ட கைகளில்தான் இருக்க வேண்டும்.

பறக்கும் சோதனையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் மழை பெய்த மறுநாள். வேலூரில் கடற்கரைக் காற்றுக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வரும் நேரம் அதுதான். முந்தின இரவு ட்ரோனை வெளியில் வைக்க விற்பவர் சம்மதித்தால் இன்னும் நல்லது. பெரும்பாலும் சம்மதிக்க மாட்டார். இரண்டு மீட்டர் உயரத்தில் அசையாமல் நிறுத்தி, பேட்டரி 30 சதவீதம் வரும் வரை விடுங்கள். நான்கு நிமிட டெமோ எதையும் காட்டாது. இறக்கியவுடன் புரொப்பெல்லர் நின்ற பிறகு நான்கு மோட்டார்களையும் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் கைசுட்டால் வேண்டாம். அக்னி நட்சத்திர மதியத்தில் இதைச் செய்யாதீர்கள். இந்த மாடலுக்குக் கம்பெனி சொல்லும் மேல் எல்லை 40 டிகிரி, நம்மூர் மே மாதம் அதைத் தாண்டும். சோதிக்கிறேன் என்று கோட்டை அகழிக்கு மேலேயும் தொரப்பாடி ஜெயில் பக்கமும் ஏற்றிவிட வேண்டாம். அப்துல்லாபுரம் விமான நிலையம், அரக்கோணம் கடற்படை விமானத் தளம் இரண்டையும் மனதில் வைத்து, ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சையாக இருக்கும் இடத்தில் மட்டும் ஏற்றுங்கள்.

இதே பயணத்தில் இன்னொரு ஏமாற்றும் நடந்தது. டூர் ஏஜென்ட் "ட்ரோன் பர்மிஷன்" என்று தனியாக ரூ. 6,000 வாங்கிக்கொண்டு, தங்குமிடத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுத்தார். தங்குமிடம் சம்மதிப்பது ஒன்று, நாட்டின் விமானப் போக்குவரத்து அதிகாரம் அனுமதிப்பது வேறு. மாலத்தீவில் கடல் விமானங்கள் தீவுக்குத் தீவு தாழ்வாகப் பறந்து தண்ணீரில் இறங்குகின்றன. அங்கே அனுமதி கேட்பது சடங்குக்காக இல்லை. அனுமதித் தாளில் உங்கள் ட்ரோனின் சீரியல் நம்பரும் பறக்கும் இடமும் தேதியும் இல்லையென்றால் அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். லட்சத்தீவுக்குப் போக வாங்கும் நுழைவு அனுமதியை ட்ரோன் அனுமதி என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். அது நீங்கள் உள்ளே போக மட்டும். அந்தமானில் பழங்குடியினர் காப்பகப் பகுதிகளுக்கு 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டமே இருக்கிறது, அங்கே பழங்குடியினரைப் படம் எடுப்பதே குற்றம். நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்வாழ் தேசியப் பூங்கா. பக்கத்தில் உச்சிப்புளியில் கடற்படைத் தளம். "ராமேஸ்வரத்துல எல்லாரும் எடுக்கறாங்க" என்பது பதில் ஆகாது.

ட்ரோனோடு இலவசமாகத் தரும் மெமரி கார்டை வாங்கின அன்றே கம்ப்யூட்டரில் முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் போதும். 64 ஜிபி என்று அச்சடித்த 8 ஜிபி கார்டுகள் தாராளமாக உலவுகின்றன. வேலூரில் பத்து நிமிட வீடியோவில் அது பிடிபடாது, தீவில் மூன்றாம் நாள்தான் பிடிபடும். மலிவு போலரைசர் ஃபில்டர் கனமாக இருந்தால், கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பல் மோட்டாருக்குச் சுமை அதிகம் என்று ஆப் எச்சரிக்கும். அதையும் "ட்ரோன் கோளாறு" என்று சொல்லி ரிப்பேருக்குப் பணம் பிடுங்குவார்கள். ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், எச்சரிக்கை போய்விடும்.

நல்ல ட்ரோனையே கடல் சும்மா விடாது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பழியும் கடைக்காரர் தலையில் விழும். அலைமேல் தாழ்வாக நின்றால் கீழே பார்க்கும் சென்சார் ஓடும் தண்ணீரைத் தரை என்று நினைத்து மெல்ல நகரும். நான்கைந்து மீட்டருக்குக் கீழே போகாதீர்கள். படகிலிருந்து ஏற்றினால் புறப்பட்ட புள்ளி கடலில் அப்படியே இருக்கும், படகு நகர்ந்திருக்கும். திரும்பி வரச் சொல்லும் பட்டனை அழுத்தினால் ட்ரோன் தண்ணீருக்குத்தான் திரும்பும். மினி 2 தாங்கும் காற்று அதிகபட்சம் விநாடிக்கு 10.5 மீட்டர், அதுவும் கம்பெனிக் கணக்கு. எதிர்க்காற்றில் போய்விட்டுக் காற்றோடு திரும்புங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். இவை உங்கள் தவறு. இவற்றுக்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனால் உண்மையான புகாரும் எடுபடாது.

புகாருக்கு என்ன வேண்டும்? வாங்கும்போதே சீரியல் நம்பர் எழுதிய பில். பில் தர மறுத்தால் "இந்த சீரியல், தண்ணீரில் விழாதது, திறக்காதது" என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிய செய்தியும், யூபிஐ ரசீதும். கோளாறு வந்ததும் கடைக்காரரிடமே திறக்கக் கொடுத்துவிடாதீர்கள், சாட்சி அழிந்துவிடும். ஆப்பில் உள்ள ஃப்ளைட் ரெக்கார்டைச் சேமித்து, வேறு ஆளிடம் கொடுத்துத் திறப்பதை வீடியோ எடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், ரூ. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. முதல் படியாகத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள்.

சத்துவாச்சாரிக்காரர் வீடியோவைக் காட்டிய பிறகு கடைக்காரர் குரல் இறங்கியது. பணம் திரும்பாது, வேறு பீஸ் மாற்றித் தருகிறேன் என்று இரண்டாவது ட்ரோனை நீட்டினார். அதன் பேட்டரி அறையைத் திறந்து பார்த்தால் தகடுகள் கருத்திருந்தன. உடம்பில் எங்குமே ஸ்டிக்கர் இல்லை.