ஒழுகாத பேட்டரியோடு ஏழு ஆண்டுகள்

என் பழைய 350 சிசி பைக்கில் இருந்த 14 ஆம்பியர்-அவர் (மின்சாரம் தேக்கும் அளவு) ஆசிட் பேட்டரி வைத்த செலவு பேட்டரியோடு நிற்கவில்லை. வென்ட் குழாய் கழன்று ஒழுகியதில் செயின் கவரில் பெயிண்ட் கொப்புளித்தது, பெட்டியைச் சுற்றித் துரு ஏறியது. அதைத் துடைத்த அன்று நன்றாக இருந்த காற்சட்டை, துவைத்து எடுத்ததும் சல்லடையாக இருந்தது. 2018 ஜனவரியில் மூடிய வகைக்கு மாறினேன்.

கடைக்காரர் எடுத்து வைத்தது 8 ஆம்பியர்-அவர். எடை மூன்று கிலோதான். இது செல்ஃபை இழுக்குமா என்றேன். “தகடு மெல்லியது சார், இழுக்கும்” என்றார். இழுத்தது. மெல்லிய தகடுகளை நெருக்கி அடுக்கும்போது ஆசிட் படும் பரப்பு கூடுகிறது, உள்தடை குறைகிறது. செல்ஃபுக்குத் தேவை சில விநாடி வேகம்தான், நீண்ட இருப்பு அல்ல. ஆசிடைக் கண்ணாடி இழை விரிப்பு பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருப்பதால் ஒழுக எதுவும் இல்லை. சார்ஜ் ஆகும்போது பிறக்கும் ஆக்சிஜன் அதன் நுண்துளைகள் வழியே எதிர்மின் தகட்டை அடைந்து மறுபடி நீராகிவிடுகிறது. டிஸ்டில்டு வாட்டர் வாங்குவதை நிறுத்தினேன். பெட்டியில் மிஞ்சிய இடத்தில் சைக்கிள் ட்யூபை மடித்துத் திணித்தேன். இன்றும் அதே ட்யூப்தான்.

2020 ஊரடங்கில் பைக் இரண்டு மாதம் அசையாமல் நின்றது. 12.8 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் மல்டிமீட்டர் 11.2 காட்டியது. இரவு முழுக்க சார்ஜ் போட்டதில் உயிர் வந்தது, பழைய வேகம் வரவில்லை. காலியாகக் கிடந்த நாட்களில் தகடுகளில் சல்ஃபேட் இறுகியிருக்க வேண்டும். மறுவருடம் மாற்றினேன்.

இரண்டாவது பேட்டரி ஒன்றரை ஆண்டில் பூரிபோல் உப்பியது. குற்றவாளி, சார்ஜ் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய ரெகுலேட்டர்: எஞ்சின் ஓடும்போது 15.6 வோல்ட்! 14.8-ஐத் தாண்டவே கூடாது. அளவு மீறிய சார்ஜில் வாயுவாகி வால்வு வழியே போன நீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. பழைய பேட்டரியில் மட்டக்கோடு இறங்குவதைப் பார்த்தே சந்தேகப்பட்டிருப்பேன். இது கடைசி நாள்வரை வாயைத் திறக்கவில்லை. இந்த வகை மீது என் ஒரே மனத்தாங்கல் இதுதான்.

மூன்றாவது 2023 முதல் ஓடுகிறது. ஒழுகாது, கனமில்லை என்பதற்காக இதையே வீட்டு இன்வெர்ட்டருக்குப் போட்டுவிடாதீர்கள். மணிக்கணக்கில் மின்விசிறி ஓட்ட தடித்த தகடுதான் வேண்டும். பைக்குக்கு என்றால் தயங்காமல் வாங்கலாம், ரெகுலேட்டரைச் சோதித்த பிறகு. ஹேண்டில் பக்கத்தில் ஒரு சின்ன வோல்ட்மீட்டர் பொருத்தியிருக்கிறேன். சாவியைத் திருப்பியதும் என் கண் பெட்ரோல் முள்ளுக்கு முன் அங்கேதான் போகிறது.