வளர்ப்பு நாய் உள்ள வீட்டுக் காப்பகம்: ஒரு தாயின் மதிப்புரை

எங்கள் 3 வயது மகளைப் பகலில் விட்டுச் செல்லும் காப்பகத்தை ஓர் அம்மையார் தம் வீட்டிலேயே நடத்துகிறார். அவ்வீட்டில் ஒரு நாயும் வளர்கிறது. சேர்ப்பதற்கு முன் எங்களுக்கிருந்த தயக்கமெல்லாம் அந்த நாயைப் பற்றியதே என்பதால், இங்கும் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

நாய் வளர்ப்பவர்களிடம் அச்சத்தைச் சொன்னால், "அது ஒன்றும் செய்யாது" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். இவர் அப்படிச் சொல்லாமல், "எந்த நாயும் கடிக்கக்கூடும்; அதனால் நான் பக்கத்தில் இல்லாதபோது குழந்தைகளோடு அதை விடுவதே இல்லை" என்றார். கூடத்துக்கும் நாயின் அறைக்கும் நடுவே இருந்த தடுப்புக் கதவின் தாழ்ப்பாள், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் மறுபக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தது. சிறு குழந்தைகள் பல வேளைகளில் நன்கு பழகிய நாயிடமே கடிபடுகிறார்கள் என்பதை அறிந்தவர் செய்த ஏற்பாடாகவே அது எனக்குப் பட்டது. நாய் உண்ணும்போதும் உறங்கும்போதும் அந்தக் கதவு திறக்கப்படுவதில்லை.

ரேபிஸ் தடுப்பூசிச் சான்றையும், குடற்புழு நீக்க மருந்து கொடுத்த தேதிகளைக் குறித்து வைத்த அட்டையையும் நாங்கள் கேட்குமுன்பே எடுத்து வைத்தார். நாயின் கழிவு வழியாக மண்ணில் சேரும் உருளைப்புழு முட்டைகள் குழந்தைகளின் கை வழியே வாய்க்குப் போகக்கூடும் என்பதால், மணற்தொட்டியைக் குழந்தைகள் விளையாடி முடித்ததும் மூடிவிடுகிறார். நாயைத் தொட்ட குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே உணவுக்கு உட்காருகிறார்கள்.

ஒரு மாலை மகளை அழைத்துவரச் சென்றபோது நான் கண்டதைச் சொல்ல வேண்டும். ஒரு சிறுவன் வாலைப் பிடிக்கக் கை நீட்டினான். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உதட்டை நக்கியது. அது பசியால் அல்ல, சங்கடத்தால் என்பதைப் புரிந்துகொண்ட அவர், உறுமல் வரும்வரை காத்திராமல் நாயை உடனே கதவுக்கு அப்பால் அழைத்துச் சென்றார். திரும்பி வந்து, அது தனியாக இருக்க விரும்புகிறது என்று சிறுவனுக்குப் பொறுமையாக விளக்கினார். நாய் உறுமினால் அதைத் திட்டக் கூடாது என்றும், எச்சரிக்கத் தடைபட்ட நாய் எச்சரிக்காமலே கடிக்கப் பழகிவிடும் என்றும் என்னிடம் கூறினார்.

ஒவ்வாமை விஷயத்தில் மட்டும் அவருடைய கவனம் போதாது. சேர்க்கைப் படிவத்தில் ஆஸ்துமா பற்றியோ ஒவ்வாமை பற்றியோ ஒரு கேள்விகூட இல்லை. இதைப் பற்றிக் கேட்டபோது, நாய்க்குத் தினமும் முடி வாரிவிடுவதாகச் சொன்னார். ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் நாயின் உமிழ்நீரிலும் உதிரும் தோல் துகள்களிலும் இருப்பதால், முடியை மட்டும் கவனிப்பது போதாது. மூச்சிரைப்பு உள்ள குழந்தையைச் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் மருத்துவரைக் கலந்துகொள்வது நல்லது. படிவத்தில் அந்தக் கேள்வியைச் சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன். அடுத்த சேர்க்கைக்குள் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.