60-ஆ, 80-ஆ, 120-ஆ? கார் சப்ஊஃபரின் கிராஸ்ஓவரை எங்கே வெட்டுவது

டிக்கியில் 12 இஞ்ச் பாஸ் பாக்ஸ், முன் கதவுகளில் ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர், இரண்டையும் ஓட்ட ஆம்ப். ஹேட்ச்பேக்கில் ஆடியோ மாட்டுபவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்கும் அமைப்பு இது. கிராஸ்ஓவரை எத்தனை ஹெர்ட்ஸில் வைப்பது என்று கேட்டால் ஒருவர் 80 என்பார். பாஸ் நெஞ்சில் அறைய வேண்டும் என்பவர் 120-க்குத் திருகுவார். பாட்டை உன்னிப்பாகக் கேட்பவர் 60-க்கு மேல் போகவே கூடாது என்பார். மூவருமே பெரும்பாலும் சப்பைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். 12 இஞ்ச் சப்புக்கு 60-ம் ஒன்றுதான், 120-ம் ஒன்றுதான். இரண்டையும் சிரமமில்லாமல் வாசிக்கும். சிரமப்படுவது கதவு ஸ்பீக்கர். எண்ணை அதனிடம்தான் கேட்க வேண்டும்.

கிராஸ்ஓவர் என்பது இரண்டு ஃபில்டர். சப்புக்கு லோ பாஸ் (low pass): குறிப்பிட்ட எண்ணுக்கு மேலே உள்ளதைக் குறைக்கும். கதவுக்கு ஹை பாஸ் (high pass): அதற்குக் கீழே உள்ளதைக் குறைக்கும். ஆம்பில் லோ பாஸைத் திருகிவிட்டு, கதவை முழு ரேஞ்சில் ஓட விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. சவுண்டைக் கூட்டும்போது கதவு கரகரப்பதற்கு இதுவே முதல் காரணம்.

ஓட்டுநர் காதிலிருந்து வலது கதவு ஸ்பீக்கர் 0.9 மீட்டர், டிக்கி சப் 2.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1.3 மீட்டர் வித்தியாசம். ஒலி அதைக் கடக்க சுமார் 3.8 மில்லிசெகண்ட் ஆகும். இந்தப் பிந்தலைக் கோணமாகவும் சொல்லலாம்: ஒரு முழு அலைச் சுற்று 360°, 180° என்றால் நேர் எதிர். போலாரிட்டி மாற்றுவது என்றால் சப்பின் பிளஸ், மைனஸைத் திருப்புவது. அந்தக் கணக்கு நான்கு எண்களில் இப்படி வருகிறது:

| வெட்டும் எண் | கதவு கோனின் (ஸ்பீக்கர் கூம்பின்) ஆட்டம் (80-ல் 1 என்றால்) | சப் பிந்தும் கோணம் | போலாரிட்டி மாற்றினால் வரும் வித்தியாசம் |
|---|---|---|---|
| 60 ஹெர்ட்ஸ் | 1.8 மடங்கு | 82° | 1 டெசிபல் |
| 80 ஹெர்ட்ஸ் | 1 | 109° | 3 டெசிபல் |
| 100 ஹெர்ட்ஸ் | 0.64 | 136° | 8 டெசிபல் |
| 120 ஹெர்ட்ஸ் | 0.44 | 164° | 17 டெசிபல் |

அட்டவணையின் இரண்டாவது நெடுவரிசை கதவின் கதை. அதே சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது பாதி ஹெர்ட்ஸில் வாசிக்க, கோன் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். 80-லிருந்து 60-க்கு இறங்குவது சின்ன மாற்றம்போலத் தெரியும். கோனுக்கு அது கிட்டத்தட்ட இரு மடங்கு வேலை. கடைசி நெடுவரிசை தூரத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு, இரண்டு பக்கமும் ஒரே சத்தத்தில் இருந்தால் வருவது. உங்கள் காரில் கண்ணாடியும் சீட்டும் அதைக் கொஞ்சம் மாற்றும். போக்கு மாறாது.

60 ஹெர்ட்ஸ்

சப் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கீழே உள்ள அதிர்வு மட்டும் டிக்கிக்குப் போகும். கிக் டிரம்மின் அடியும் பேஸ் கிட்டாரின் உடலும் முன்னாலேயே நிற்கும். போலாரிட்டி, தூரம் எதுவும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. காதுக்கு இதுதான் அழகான தேர்வு, சந்தேகமே இல்லை.

ஆனால் கதவு தாங்க வேண்டும். கம்பெனி மாட்டிக் கொடுத்த பேப்பர் கோன் ஸ்பீக்கர், உள் தகட்டில் கையளவு ஓட்டைகள், அதன் மேல் வெறும் பிளாஸ்டிக் தாள் என்ற நிலையில் 60 வேலைக்காகாது. ஸ்பீக்கரின் பின்புற அலை அந்த ஓட்டைகள் வழியாக முன்னால் வந்து, முன்புற அலையைத் தின்றுவிடும். கோன் ஆடும், பாஸ் வராது. டேம்பிங் ஷீட்டால் (அதிர்வைத் தணிக்கும் ஒட்டுத் தாள்) ஓட்டைகளை அடைத்து, ஸ்பீக்கரை மரம் அல்லது கெட்டிப் பிளாஸ்டிக் ரிங்கில் இறுக்கி, தனி ஆம்பிலிருந்து சேனலுக்கு 60 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் பவர்) அளவில் கொடுத்த கதவுக்குத்தான் 60. ஸ்டீரியோவின் சொந்தப் பவரில் கதவை ஓட்டுகிறீர்கள் என்றால் மறந்துவிடுங்கள். அட்டையில் 50 வாட் என்று அச்சிட்டிருந்தாலும் தொடர்ந்து கிடைப்பது 20 வாட் சுற்றுவட்டாரம்தான். அதில் பெரும்பகுதியை பாஸ் விழுங்கினால் பாடகரின் குரல் கிளிப் ஆகும், அதாவது உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

80 ஹெர்ட்ஸ்

வீட்டுத் தியேட்டருக்கான டிஹெச்எக்ஸ் முறையும் 80-ல்தான் வெட்டுகிறது. இதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிப்பது கடினம் என்பது ஒரு காரணம். காரில் அது பாதி உண்மை. 80-ல் வெட்டினாலும் நம்பர் பிளேட்டும் டிக்கி மூடியும் கடகடத்தால் பாஸ் பின்னால் இருக்கிறது என்று காது உடனே சொல்லிவிடும். செலவுக்கேற்ற பலனில், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒட்டும் ஃபோம் டேப்பை மிஞ்சும் அப்கிரேடு அபூர்வம்.

ஓரளவு அடைத்த கதவு, சுமாரான கோஆக்ஸியல் (ட்வீட்டரும் சேர்ந்தே வரும்) ஸ்பீக்கர், தனி ஆம்ப் இல்லாத ஸ்டீரியோ எல்லாவற்றுக்கும் 80 ஒத்துப்போகும். பிரச்சினை ஒன்றுதான்: போலாரிட்டி தவறாக இருந்தால் 3 டெசிபல் போய்விடும். அதை ஈடுகட்ட சப் லெவலைக் கூட்டுவோம். உடனே 40 ஹெர்ட்ஸ் மட்டும் உப்பி, "பாஸ் இருக்கு, ஆனா அடி இல்ல" என்ற நிலை வரும்.

100, 120

ஆண் குரலின் அடிப்படை அதிர்வு ஏறத்தாழ 85-லிருந்து 180 ஹெர்ட்ஸ் வரை. 120-ல் வெட்டினால் பாடுபவரின் நெஞ்சுக்குரல் டிக்கிக்குப் போய்விடும். தலை முன்னால், உடம்பு பின்னால். அதைவிட மோசம், அட்டவணையின் கடைசி வரி. 164 டிகிரி என்றால் கதவும் சப்பும் ஏறக்குறைய நேர் எதிராக அடிக்கின்றன. ஒன்றையொன்று கொன்று, கிராஸ்ஓவர் இடத்தில் பள்ளம் விழும். 120-ல் வைத்துவிட்டு "பஞ்ச் வரலையே" என்று இன்னும் மேலே திருகுபவர்களுக்கு நடப்பது இதுதான். போலாரிட்டி ஸ்விட்சை ஒருமுறை தட்டினால் 17 டெசிபல் வரை திரும்பி வரக்கூடிய இடத்தில் குமிழைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

இருந்தாலும் 100–120-க்கு நியாயமான இடம் உண்டு. டேஷ்போர்டில் 4 இஞ்ச் ஸ்பீக்கர் மட்டும் உள்ள பழைய கார்களில் வேறு வழியில்லை. சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 இஞ்ச் ஆக்டிவ் (ஆம்ப் உள்ளேயே உள்ள) சப்பும் அப்படித்தான். அது கதவு ஸ்பீக்கர் இருக்கும் தூரத்திலேயே இருப்பதால் பிந்தும் பிரச்சினை இல்லை, பாஸ் பின்னால் இழுக்காது. 40-க்குக் கீழே அதனிடம் பெரிதாக எதிர்பார்க்கவும் முடியாது. 100-ல் வெட்டி, அதற்குத் தெரிந்த வேலையைக் கொடுப்பதே சரி.

இவற்றுக்கு நடுவே இன்னொரு வழி: இரண்டு ஃபில்டரையும் ஒரே எண்ணில் வைக்காமல் இடைவெளி விடுவது. சப் லோ பாஸ் 63, கதவு ஹை பாஸ் 80. தாளில் பார்த்தால் நடுவில் ஓட்டை. ஆனால் சிறிய காரின் மூடிய அறை, சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாஸைத் தானாகவே தூக்கும். சப் லெவலும் பொதுவாகக் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். ஆக ஓட்டை அடைபட்டுவிடும். 80/80-ல் பாஸ் "பம்" என்று உப்பினால், ஈக்வலைசரைத் தொடும் முன் 63/80-ஐக் கேட்டுப் பாருங்கள். இதற்கு எதிர்ப்பக்கம், அதாவது சப் 100, கதவு 60 என்று ஒன்றன்மேல் ஒன்று ஏற விடுவது, நல்லதாக அமைவது அரிது.

12 டெசிபலா, 24 டெசிபலா?

ஸ்லோப் என்பது ஒவ்வொரு ஆக்டேவுக்கும் ஃபில்டர் எத்தனை டெசிபல் குறைக்கிறது என்பது. 80-ல் வெட்டிய சப், 160 ஹெர்ட்ஸில் 12 ஸ்லோப்பில் 12 டெசிபல்தான் குறைந்திருக்கும். குரல் டிக்கியிலிருந்து லேசாகக் கேட்கும். 24-ல் கேட்காது. சப்புக்கு 24 என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. கதவுக்கு 12 போதும். ஸ்பீக்கர் தன் ரெசொனன்ஸுக்கு (அது இயல்பாக அதிரும் ஹெர்ட்ஸ்) கீழே தானாகவே ஏறத்தாழ 12 டெசிபல் வீதம் விழும். ஃபில்டரின் 12-ம் சேர்ந்தால் மொத்தம் 24 ஆகிவிடும். கதவு கரகரத்தால் மட்டும் அங்கேயும் 24 போடுங்கள்.

இரண்டு பக்கமும் 12 என்றால் போலாரிட்டியைத் திருப்பு, இரண்டு பக்கமும் 24 என்றால் திருப்பாதே என்று ஒரு விதி சொல்வார்கள். சப்பும் ஸ்பீக்கரும் ஒரே தூரத்தில் இருந்தால் அது சரி. மேலே சொன்ன காரில் 80 ஹெர்ட்ஸில் தூரமே 109 டிகிரியைத் தின்றுவிடுவதால் விதி தலைகீழாகிறது: 24-க்குத் திருப்பினால் நன்றாகச் சேரும், 12-க்குத் திருப்பாமல் விட்டால் நன்றாகச் சேரும். விதியை மனப்பாடம் செய்வதைவிட ஸ்விட்சைத் தட்டிப் பார்ப்பது மேல்.

ஸ்டீரியோவிலா, ஆம்பிலா, டிஎஸ்பியிலா?

ஸ்டீரியோ மெனுவில் 63 என்றால் 63தான். ஆம்ப் குமிழில் 50 முதல் 250 வரை அச்சிட்டிருந்தாலும், நடுப்புள்ளி 150 என்று நினைத்தால் ஏமாறுவோம். ஸ்டீரியோவில் லோ பாஸ், ஹை பாஸ் இரண்டும் இருந்தால் அங்கேயே வையுங்கள். ஆம்பில் ஃபில்டர் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாத மோனோ ஆம்ப் என்றால் குமிழைக் கடைசி வரை மேலே திருகிவிடுங்கள். இரண்டு இடத்திலும் 80 வைத்தால் ஃபில்டர் மேல் ஃபில்டர் ஏறி, 80-ல் 3 டெசிபலுக்குப் பதில் 6 டெசிபல் குறையும், ஸ்லோப்பும் கூடிவிடும். சில ஸ்டீரியோக்களில் பின்பக்க ஆர்சிஏவை (ஆம்புக்குச் சிக்னல் போகும் சாக்கெட்) மெனுவில் "சப்ஊஃபர்" என்று மாற்றாதவரை லோ பாஸ் அதில் வேலையே செய்யாது. "கட் ஆஃப் மாத்தினா ஒண்ணுமே ஆகல" என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

ஆம்பில்தான் வைக்க வேண்டும் என்றால் மல்டிமீட்டர் போதும். சப் ஒயரைக் கழற்றுங்கள். பாஸ் பூஸ்ட்டைப் பூஜ்ஜியமாக்கி, சப்சோனிக் ஃபில்டரை (மிகக் கீழான அதிர்வை வெட்டுவது) அணையுங்கள். 40 ஹெர்ட்ஸ் டோன் ஓட விட்டு, ஆம்ப் அவுட்புட்டில் ஏசி வோல்ட் பாருங்கள். 10 வோல்ட் வந்தால், அதே வால்யூமில் 80 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, மீட்டர் 7 வோல்ட் காட்டும்வரை குமிழைத் திருகுங்கள். அதுதான் உங்கள் 80. பூஸ்ட் குமிழ் பெரும்பாலும் 45 ஹெர்ட்ஸைத் தூக்கும். அதை அணைக்க மறந்தால் கணக்கு மொத்தமும் பொய்.

டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் தனிக் கருவி) தருவது கூடுதல் எண்கள் மட்டுமல்ல, தாமதமும். வலது கதவை 3.8 மில்லிசெகண்ட் பிந்தவைத்தால், அட்டவணையின் கோண நெடுவரிசை அந்தக் கதவுக்குப் பூஜ்ஜியமாகிவிடும். இடது கதவுக்கு அதன் தூரத்தைத் தனியாக அளந்து போட வேண்டும். டைம் அலைன்மென்ட் (இந்தத் தாமதத்தைப் போடும் வசதி) உள்ள ஸ்டீரியோ இருந்தால் இதற்காக மட்டும் டிஎஸ்பி வாங்க வேண்டாம்.

காதால் வைக்கும் முறை

ஈக்வலைசர் நேர்கோட்டில், லவுட்னெஸ் அணைப்பில், கண்ணாடிகள் மூடி, ஓட்டுநர் சீட்டில். சப்பை அணைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அதிகபட்ச வால்யூமில் பாஸ் கனமான பாட்டு. கதவு ஹை பாஸை 50-லிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். கரகரப்பும் கோனின் தளர்ந்த ஆட்டமும் நிற்கும் படிதான் உங்கள் எண். சப்பின் லோ பாஸையும் அங்கேயே வைத்துத் திறங்கள். அடுத்து அதே எண்ணின் டோனை மிதமான சத்தத்தில் விட்டு, ஃபேஸ் (போலாரிட்டி) ஸ்விட்சில் நார்மல், ரிவர்ஸ் இரண்டையும் தட்டுங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அது. இதைச் சப்புக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் பயனில்லை. தலை சீட்டில் இருக்க வேண்டும். கடைசியாகச் சப் லெவல்: பாஸ் முன்னாலிருந்து வருவதுபோல் இருக்கும்வரை கூட்டி, பின்னால் இழுக்கத் தொடங்கியதும் ஒரு படி குறையுங்கள். போர்ட் (காற்றுத் துளை) வைத்த பாக்ஸ் என்றால் சப்சோனிக் ஃபில்டரை டியூனிங்குக்கு (அந்த போர்ட் அதிரும் ஹெர்ட்ஸ்) 5 ஹெர்ட்ஸ் கீழே மீண்டும் போடுங்கள். 35-ல் டியூன் செய்தது என்றால் 30.

கம்பெனி ஸ்டீரியோவையே வைத்துக்கொண்டு ஹை லெவல் இன்புட்டில் (ஸ்பீக்கர் ஒயரிலிருந்து சிக்னல் எடுப்பது) ஆம்ப் மாட்டியவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. சிக்னலை முன் ஸ்பீக்கர் ஒயரிலிருந்து எடுத்திருந்து, மெனுவில் முன் ஹை பாஸைப் போட்டால், சப்புக்குப் போகும் பாஸும் சேர்ந்து வெட்டுப்படும். பின் ஸ்பீக்கர் ஒயரிலிருந்து எடுத்து, அந்தப் பக்கம் ஹை பாஸ் இல்லாமல் விடுங்கள். மெனுவில் ஹை பாஸே இல்லையென்றால், 4 ஓம் ஸ்பீக்கரின் பாசிட்டிவ் ஒயரில் 470 மைக்ரோஃபேரட் நான்-போலார் கெப்பாசிட்டர் ஒன்று, சுமார் 85 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் ஸ்லோப்பில் வெட்டும். 330 என்றால் 120. ஸ்பீக்கரின் ஓம்ஸ் ரெசொனன்ஸில் ஏறுவதால் இந்த எண்கள் தோராயம்தான். சாதாரண போலார் கெப்பாசிட்டரைப் போட்டுவிடாதீர்கள். ஏசி சிக்னலில் அது சூடாகி வெடிக்கவும் கூடும்.